கழுவி எடுத்த தபால்தலைகள்

போன மாதம் ஒருவர் வந்து எங்கள் வீட்டுக் கேட்டைத் தட்டினார். மலாக்காப் பக்கம் புக்கிட் காத்திலில் எங்கள் தாமான் குடியிருப்புக்கு வருகிறவர்கள் ஒன்று ஏதாவது விற்க வருவார்கள், இல்லையென்றால் ஓட்டுக் கேட்க வருவார்கள். இவர் வாங்க வந்திருந்தார்.

"அங்கிள், நீங்க அந்தக் காலத்துத் தோட்டத்து வாத்தியார்னு சொன்னாங்க. பழைய ஸ்டாம்ப்பு, பழைய கவரு ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா? கவரோட இருந்தா நல்ல வெல போகும்லா."

சட்டைப்பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடி எட்டிப் பார்த்தது. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, "ஒரு மண்ணும் கிடையாது, கிளம்புங்க" என்று கத்திவிட்டேன். உள்ளே இருந்து என் வீட்டுக்காரி, "அந்த மனுஷன் என்ன செஞ்சாருன்னு இப்படி எரிஞ்சு விழறீங்க?" என்றாள். அவர் ஒன்றும் செய்யவில்லை. செய்தவன் நான்.

தபால்தலை சேர்ப்பது அறிவை வளர்க்கும் என்பார்கள். வகுப்பில் நானே அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். சீ! என் அறிவு வளர்ந்த லட்சணத்தைச் சொல்கிறேன், கேளுங்கள்.

மலாயாவில் வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டிருந்த வருஷங்கள். ஜாசினிலிருந்து உள்ளே போகும் செம்மண் ரோட்டில் ஒரு ரப்பர் தோட்டம், அதில் ஒரு தமிழ்ப்பள்ளி, அந்தப் பள்ளிக்கு ஒரே வாத்தியார் நான். வயது இருபத்தைந்து. தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டுவிட்டார்கள். விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களைக் கேட்டில் நிறுத்தி, பெண்கள் மடி முதற்கொண்டு தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். ஒரு பிடி சோறு வெளியே போகக்கூடாது. காட்டில் ஒளிந்திருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று பயம். யாராவது ஒரு வாரம் கண்ணில் படாவிட்டால் "காட்டுக்குப் போயிட்டானோ" என்று குசுகுசுப்பார்கள். அந்தப் பேச்சு போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போனால் குடும்பமே காலி.

தோட்டத்து ஆட்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தார்கள். இந்தியாவில் சொந்த ஊரிலிருந்து கடிதம் வந்தால் தோட்டத்து ஆபீசில் வாங்கிக்கொண்டு நேரே என்னிடம் வருவார்கள். நான் படித்துச் சொல்வேன், பதிலும் எழுதித் தருவேன். எனக்கு முன்னால் இருந்த வாத்தியார் படிக்க இவ்வளவு, எழுத இவ்வளவு என்று கூலி பேசி வாங்கியவராம். நான் வாங்கவில்லை. "காசெல்லாம் வேண்டாம்மா. அந்தக் கவரை மட்டும் குடுத்திட்டுப் போங்க" என்பேன். அவர்களுக்கு அந்தக் கவர் எதற்கு? கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். "நம்ம வாத்தியாரு தங்கம்லா, சல்லிக்காசு தொட மாட்டாரு" என்று பாசார் சந்தையில்கூடப் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்டு நான் வேட்டியை இன்னும் கொஞ்சம் உயர்த்திக் கட்டிக்கொண்டு நடந்தேன், மடையன்.

அந்தக் கவர்களை என்ன செய்தேன் தெரியுமா? தபால்தலை ஒட்டிய மூலையைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு மிச்சத்தை அடுப்பில் போடுவேன். மூலைகளை ஒரு எனாமல் பேசினில் தண்ணீர் விட்டு ஊறப் போடுவேன். ஒரு மணி நேரத்தில் பசை கரைந்து தண்ணீர் கொழகொழவென்று எச்சில் மாதிரி ஆகிவிடும். எச்சில்தான் அது. எங்கேயோ ஒரு கிராமத்தில் ஒரு கிழவனோ ஒரு தங்கச்சியோ நாக்கில் தடவி ஒட்டிய எச்சில். அதில் கையை விட்டுத் தலைகளை உரித்தெடுத்து, பழைய பேப்பரில் கவிழ்த்து வைத்துக் காயப் போடுவேன். தபாலாபீஸ் முத்திரை கறுப்பாக விழுந்திருந்தால் எனக்குப் பிடிக்காது. ராஜா முகத்தில் கரி பூசிய மாதிரி இருக்கிறதே என்று ரப்பரால் தேய்த்துப் பார்ப்பேன். முத்திரை லேசாக விழுந்த தலைதான் எனக்கு உயர்ந்த தலை. இப்படிச் சேர்த்துச் சேர்த்து ஒரு தடி ஆல்பம் ஆகிவிட்டது. பேசின் தண்ணீரின் அந்தப் புளித்த வாடை இப்போது நினைத்தாலும் தொண்டையில் ஏறுகிறது.

தபால் செலவைப் பற்றிச் சொல்லிக் கொடுப்பதிலும் நான் பெரிய புலி. கப்பல் தபால் என்றால் எவ்வளவு, ஆகாயத் தபால் என்றால் எவ்வளவு, எத்தனை தாளுக்கு மேல் வைத்தால் கனம் கூடிப் போய் இன்னொரு தலை ஒட்ட வேண்டிவரும், எல்லாம் விரல் நுனியில். சில ஆட்கள் பசைக்குப் பதில் பால் வடிகிற மங்குக் கிண்ணத்தில் மிச்சம் கிடந்த ரப்பர் பாலைத் தொட்டுத் தலையை ஒட்டிக்கொண்டு வருவார்கள். காய்ந்ததும் அது கறுத்துப்போய்ப் பிசுபிசுக்கும். "இப்படி ஒட்டினா ஊருல இருக்கறவன் எப்படிப் பிரிப்பான்? அறிவில்லையா?" என்று திட்டுவேன். உண்மையில் என் கோபம் அதுவல்ல. ஒரு நல்ல தலை இப்படி ரப்பர் பாலில் நாசமாகிறதே என்கிற ஆத்திரம்.

இந்தப் பித்து முற்றி எங்கே கொண்டுபோய் விட்டதென்றால், பதில் எழுதும்போது ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும் நானாகவே ஒரு வரி சேர்க்க ஆரம்பித்தேன். 'அடுத்த கடிதத்துக்கு ஒரே தலையாக ஒட்டாமல், வேறு வேறு படம் போட்ட நாலு தலையாகப் பார்த்து ஒட்டவும். பெரிய அளவுத் தலை கிடைத்தால் நல்லது.' சொல்பவருக்குத் தெரியாது. அவர்கள் பாட்டுக்கு "ஆத்தாவுக்கு இருமல் தேவலையான்னு கேளுங்க, மாடு கன்னு போட்டுச்சான்னு கேளுங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். நான் மாட்டையும் எழுதுவேன், தலையையும் எழுதுவேன்.

ஊரில் இருக்கிற ஏழை ஜனங்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள்? மலாயாக்காரன் கேட்கிறான் என்றால் அது சட்டமாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டார்கள். நாலு கலரில் நாலு தலை ஒட்டாவிட்டால் மலாயாவில் கடிதத்தை இறக்க மாட்டார்களாம்! அங்கே தபாலாபீஸ்காரர் "ஒரு தலை போதும்ப்பா" என்று சொன்னால்கூட இவர்கள் கேட்கவில்லை. நாலு வகையும் பெரிய தலையுமாகக் கூட்டிப் பார்த்தால் வேண்டிய தொகைக்கு மேலே போய்விடும், சில சமயம் இரண்டு மடங்கு. எங்கள் தோட்டத்துக்கு மட்டும் கடிதங்கள் கல்யாண வீட்டுத் தோரணம் மாதிரி வந்து இறங்கின. ஆபீஸ் கணக்குப்பிள்ளை, கிராணி என்போம், பார்த்துச் சிரிப்பார். நானும் சிரித்தேன். எவன் வயிற்றில் அடித்து எவன் சிரிக்கிறான் பாருங்கள்.

கடைசி லயத்தில் ஒரு அக்கா இருந்தார். முப்பது வயது இருக்கும், பால் வெட்டுகிறவர். ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை, அது என் முதல் வகுப்பில் முன் பெஞ்சியில் உட்காரும். அக்காவின் வீட்டுக்காரருக்கு ஊரில் அம்மா சாகக் கிடக்கிறாள் என்று செய்தி வந்தது. துரை லீவு தரவில்லை. ஆட்களை மேய்க்கிற மண்டோர் குறுக்கே விழுந்து ஏதோ சொல்ல, இவர் அவரைச் சட்டையைப் பிடித்து உலுக்கிவிட்டார். அதற்கப்புறம் யாரிடமும் சொல்லாமல் ஒரு நாள் கிளம்பிப் போய்க் கப்பலேறிவிட்டார். தோட்டத்தில் அவர் எங்கே போனார் என்று அக்காவுக்கும் எனக்கும்தான் தெரியும். எனக்குத் தெரிந்தது கடிதத்தால். மூன்று மாதத்தில் நாலு கடிதம் வந்தது. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள், கருமாதி முடிந்தது, திரும்பி வரக் கப்பல் காசு சேர்க்கிறேன் என்று வரிசையாகச் செய்தி. நாலு கடிதத்தையும் நான்தான் படித்தேன். நாலு கவரையும் நான்தான் எடுத்துக்கொண்டேன். கடிதத் தாள்களை மட்டும் அக்கா ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார்.

சட்டையைப் பிடித்த ஆளை மண்டோர் விடுவாரா? "அவன் ஊருக்கும் போகல, ஒரு எழவுக்கும் போகல. காட்டுக்குள்ளதான் இருக்கான். இவ பால் வாளியில சோறு கொண்டு போறா" என்று ஸ்டேஷனில் போய்ச் சொல்லிவிட்டார். ஒரு நாள் மத்தியானம் ஜீப் வந்தது. அக்காவைப் பால் ஸ்டோரிலிருந்தே ஏற்றினார்கள். அவர் ஏறும்போது, "பொட்டியில கடுதாசி இருக்கு, வாத்தியாரைக் கேளுங்க, வாத்தியாரு எல்லாத்தையும் படிச்சாரு" என்று கத்திக்கொண்டே போனார். பிஸ்கட் டின்னையும் மாத்தா-மாத்தா போலீஸ்காரர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். கூட்டத்தில் நின்ற எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

மறுநாள் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு பஸ் பிடித்துப் பக்கத்து டவுன் ஸ்டேஷனுக்குப் போனேன். கக்கத்தில் ஆல்பத்தை இடுக்கிக்கொண்டு போனேன். இந்தியாத் தலைகளைக் காட்டினால் நம்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். அங்கே இருந்த அதிகாரி ஒரு வெள்ளைக்காரர். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விஷயத்தைச் சொன்னேன். அவர் மேசையில் அந்த நாலு கடிதமும் விரித்துக் கிடந்தது. "கவர் எங்கே?" என்றார். "எந்த ஊரில் போட்டது, எந்தத் தேதியில் போட்டது என்று தபாலாபீஸ் முத்திரை இருக்குமே, அது எங்கே? தாளில் யார் வேண்டுமானாலும் எந்த ஊர் பேரையும் எழுதலாம்."

நான் ஆல்பத்தைத் திறந்து வைத்தேன்.

அவர் முகம் மாறியது. அவரும் தபால்தலை சேர்க்கிற ஆசாமி! நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். இது எங்கே கிடைத்தது, அது எங்கே கிடைத்தது என்று கேட்டார். ஒரு வெள்ளைக்கார அதிகாரி என் ஆல்பத்தைப் பார்த்து, "அடடே" என்கிறார், எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜப்பான்காரன் காலத்தில் மேலே எழுத்து அடித்த மலாக்காத் தலையைக் காட்டினேன். இலங்கைத் தலைகளைக் காட்டினேன். அரை மணி நேரம் போயிருக்கும். திரும்பிப் பார்த்தால், பின்னால் இருந்த கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் தரையில் அந்த அக்கா உட்கார்ந்திருக்கிறார். முதல் நாள் பால் வெட்டப் போன அதே துணி. நாங்கள் இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துப் பேசியதை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். வாத்தியாரு நமக்காகத்தான் நயமாகப் பேசுகிறார் என்று நினைத்திருப்பார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். தூ! இன்றைக்கும் அந்தத் தலையாட்டலை நினைத்தால் என்மேல் நானே காறித் துப்பிக்கொள்ளத் தோன்றும்.

"சரி, இதில் இவளுடைய புருஷன் அனுப்பியது எது?" என்றார் அதிகாரி.

இந்தியாத் தலை மட்டும் முந்நூறுக்கு மேல் இருக்கும். படத்தைப் பார்த்து, கலரைப் பார்த்து அடுக்கி வைத்திருந்தேனே தவிர, யார் வீட்டுக் கடிதம் என்று பார்த்தா அடுக்கினேன்? ஒன்றிரண்டைத் தொட்டுக் காட்டினேன். அவர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நீ ஒரு முட்டாள். கவரும் முத்திரையும்தான் இதில் விலை. முழுக் கவராக வைத்திருந்தால் சேர்க்கிறவன் பத்து மடங்கு கொடுத்து வாங்குவான். நீ விலையைக் கழுவிக் கொட்டிவிட்டு வெறும் கலர்த் தாளை வைத்திருக்கிறாய்" என்றார். எனக்கு அப்போது எது உறைத்தது தெரியுமா? அக்காவின் கதி இல்லை. அடடா, பத்து மடங்கு போச்சே என்றுதான் முதலில் உறைத்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"ஐயா, நான் படித்தேன், நாலு கவரிலும் இந்தியா முத்திரை இருந்தது, நான் சாட்சி" என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கண் சுருங்கியது. "தோட்டம் முழுக்க எல்லோருக்கும் கடிதம் எழுதித் தருகிறவன் நீதானே? இந்த நாலையும் நீயே எழுதவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

என்னையும் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்களோ என்ற பயம் வந்துவிட்டது. கப்பல் கம்பெனிக்கு எழுதிக் கேட்டிருக்கிறோம், கப்பலேறியவர் பட்டியலில் பெயர் வரும்போது வரட்டும், அதுவரைக்கும் இவள் உள்ளே இருக்கட்டும் என்றார். ஆல்பத்தையும் சாட்சிப் பொருள் என்று சொல்லி வாங்கி டிராயரில் வைத்துப் பூட்டிக்கொண்டார். நான் கம்பிக் கதவுப் பக்கம் திரும்பாமலே வெளியே வந்தேன். பஸ்ஸில் வீடு வரும் வரைக்கும் ஆல்பம் திரும்பக் கிடைக்குமா என்றே நினைத்துக்கொண்டு வந்தேன்.

வந்து முதல் வேலையாக ஊருக்குக் கடிதம் எழுதினேன். நல்ல வேளை, நாலு முறை பதில் போட்டிருந்ததால் அக்கா வீட்டுக்கார அண்ணனின் விலாசம் மனப்பாடம். 'உங்கள் சம்சாரத்தைப் போலீசில் வைத்திருக்கிறார்கள். நீங்கள் ஊரில் இருப்பதற்கு அத்தாட்சி வேண்டும். கடிதம் கண்டதும் உடனே ஒரு கடிதம் போடவும். தபாலாபீஸ் முத்திரை தெளிவாக விழும்படி கேட்டுப் போடவும்' என்று எழுதி, மறுநாள் காலையில் ஜாசின் தபாலாபீஸில் நானே கொண்டுபோய் ஆகாயத் தபாலில் சேர்த்தேன். என் கைக்காசு போட்டுத் தலை ஒட்டினேன். பெரிய தர்மப் பிரபு!

ஒரு வாரத்தில் அங்கே கிடைத்திருக்கும். அடுத்த வாரத்தில் பதில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மூன்றாவது வாரமும் வரவில்லை. அக்காவை டவுன் ஸ்டேஷனிலிருந்து வேறு எங்கோ மாற்றிவிட்டார்கள் என்றார்கள், எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. குழந்தையைப் பக்கத்து வீட்டு ஆயா பார்த்துக்கொண்டார். தலையில் பேன் விழுந்துவிட்டது என்று மொட்டை போட்டுவிட்டார்கள். அந்த மொட்டைத் தலையோடு அது முன் பெஞ்சியில் வந்து உட்காரும். ஒன்றும் கேட்காது. அது கேட்காததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டே பாடம் நடத்தினேன்.

தினமும் பள்ளி விட்டதும் ஆபீசுக்கு ஓடுவேன். கிராணி என்னைக் கண்டதும் உதட்டைப் பிதுக்குவார். "என்ன வாத்தியாரே, புதுத் தலை ஏதும் வந்துச்சான்னா பாக்க வர்றீங்க?" என்று ஒரு நாள் கேட்டார். அவர் கிண்டலுக்குத்தான் கேட்டார். அவர் கன்னத்தில் அறைய வேண்டும் போல இருந்தது, ஆனால் அறை வாங்க வேண்டியவன் நான்தான் என்பதும் தெரிந்தது.

ஆறாவது வாரம் கடிதம் வந்தது. கவரின் வலது பக்கம் முழுக்க வரிசையாக நாலு தலை, நாலும் வேறு வேறு படம், அதில் இரண்டு பெரியவை. முத்திரை நாலு தலை மேலும் தெளிவாக, அழுத்தமாக, ஊரும் தேதியும் படிக்கும்படி விழுந்திருந்தது. அண்ணனுக்கும் எழுதத் தெரியாது, எப்போதும் எழுதித் தருகிற ஆளிடம் சொல்லி எழுதியிருந்தார். நின்ற இடத்திலேயே பிரித்துப் படித்தேன்.

'வாத்தியார் ஐயா அவர்களுக்கு. கடிதம் கிடைத்த அன்றே போட்டிருப்பேன். ஆனால் கடைசியில் நீங்கள் நாலு தலை ஒட்டச் சொல்லி எழுதியிருந்தீர்கள். இது போலீஸ் காரியம், ஒரு தலை குறைந்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று பயந்தேன். கையில் ஒரு தலைக்குத்தான் காசு இருந்தது. நடவு வேலைக்குப் போய்ச் சேர்த்தேன். பெரிய தலை இங்கே இல்லை என்றதால் டவுன் வரைக்கும் நடந்து போய் வாங்கி ஒட்டியிருக்கிறேன். தாமதத்துக்கு மன்னிக்கவும். என் சம்சாரத்தை எப்படியாவது காப்பாற்றுங்கள்.'

போலீசுக்காக எழுதிய அந்தக் கடிதத்தின் கடைசியிலும் நான் அந்த வரியை எழுதியிருக்கிறேன்! எழுதியது நினைவே இல்லை. பழக்கத்தில் கை தானாக எழுதிவிட்டது என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பழக்கம்தானா? அந்தக் கவரைப் பார்த்த முதல் நொடியில், பெரிய தலை இரண்டும் என்னிடம் இல்லாதவை என்று என் கண் கண்டுபிடித்துவிட்டது. ஒரு பெண் ஆறு வாரமாக உள்ளே கிடக்கிறாள், இந்தப் பாழாய்ப்போன கண் கணக்குப் பார்க்கிறது. வாந்தி வந்தது. உண்மையாகவே ஆபீஸ் பின்னால் போய் வாந்தி எடுத்தேன்.

அன்றைக்கே கவரைக் கசங்காமல் ஒரு நோட்டுக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போய் அந்த அதிகாரியிடம் கொடுத்தேன். அவர் தேதியைப் பார்த்தார், ஊரைப் பார்த்தார், பழைய நாலு கடிதத்தில் இருந்த ஊர் பேரோடும் கையெழுத்தோடும் ஒப்பிட்டுப் பார்த்தார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. "இது போதும். இதை முன்னாலேயே கொண்டு வந்திருக்கலாமே" என்றார். ஒரு பெண்ணின் ஆறு வாரத்துக்கு அவர் சொன்னது அவ்வளவுதான். நான் மட்டும் என்ன, "எஸ் சார்" என்றேன்.

நாலு நாள் கழித்து அக்காவை விடுகிறோம், வந்து கூட்டிப் போ என்று ஆள் அனுப்பினார்கள். போனேன். அக்கா இளைத்துப் போயிருந்தார். முழங்கையில் சொறி. என்னைக் கண்டதும் முதலில் குழந்தையைக் கேட்டார், மொட்டை போட்டதைச் சொன்னேன், "முடி வளந்துரும்" என்றார். அதிகாரி டிராயரைத் திறந்து கவரையும் பழைய கடிதங்களையும் ஆல்பத்தையும் திருப்பிக் கொடுத்தார். ஆல்பத்தில் ஜப்பான் காலத்து மலாக்காத் தலை இருந்த இடம் காலியாக இருந்தது. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். திருடனுக்குத் திருடன் என்ன கேட்பது? ஆல்பத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் நானும் அக்காவும் ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் அவர், "அந்தக் கவரைக் குடுங்க, பாக்கறேன்" என்றார். கொடுத்தேன். முழுக் கவரை அவர் அன்றுதான் நின்று நிதானித்துப் பார்க்கிறார் போலிருந்தது. தலைகளின் மேலே விரலை வைத்தார்.

"இந்தக் கறுப்பு வட்டம் என்னா வாத்தியாரே?"

"அதுதான்க்கா தபாலாபீஸ் முத்திரை. எந்த ஊருல போட்டாங்க, எந்தத் தேதியில போட்டாங்கன்னு அதுல இருக்கும். அதைப் பாத்துத்தான் உங்களை விட்டாங்க."

"மொதல்ல வந்த நாலு கடுதாசியிலயும் இது இருந்துச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் வாந்தி எடுத்த வாய், பொய் வரவில்லை. "இருந்துச்சுக்கா" என்றேன்.

"அப்புறம் அது எங்க?"

நான் மடியில் இருந்த ஆல்பத்தைத் திறந்தேன். முத்திரை பாதியாக விழுந்த தலையும், நான் தேய்த்துத் தேய்த்து மங்கிப்போன தலையுமாகப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். பேசினில் ஊறப் போட்டது, உரித்தது, மிச்சக் கவரை அடுப்பில் போட்டது, நாலு தலை ஒட்டச் சொல்லி எழுதியது, எல்லாவற்றையும் சொன்னேன். இரைச்சலில் கேட்டதோ இல்லையோ என்று சிலதை இரண்டு தடவை சொன்னேன். கடைசியில் அவர் ஆல்பத்தின் மேல் குனிந்து பார்த்தார்.

"இதுல எங்க வீட்டுக்காரரு ஒட்டுனது எது?"

"தெரியலைக்கா."

பஸ் ஒரு வளைவில் திரும்பியது. அவர் கவரை இரண்டாக மடிக்காமல், அப்படியே ரவிக்கைக்குள் செருகிக்கொண்டார். திட்டுவார் என்று நினைத்தேன். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். கோபமே இல்லை. சோற்றில் கிடந்த புழுவைப் பார்க்கிற பார்வை.

"வாத்தியாரே, நீங்க எங்கிட்ட காசே வாங்கியிருக்கலாம்" என்றார்.

எழுந்து போய் முன்னால் காலியாக இருந்த ஒரு சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.